பொரிச்சிரு

பொரிச்சிருன்னு சொல்லிட்டுப் போனை வச்சுட்டாரு. முழுசாச் சொன்னா, "தவமணி, அரிசி டிரம்முக்குள்ள முட்டையாக் கெடக்கு, காலையில பாத்தேன், வச்சுக் கெடுக்காத, எல்லாத்தையும் பொரிச்சிரு" அப்படின்னாரு. பின்னாடியே பள்ளிக்கூடத்து மணி அடிச்சுச்சு, பிள்ளைக போட்ட கூச்சல்ல நான் "என்னது?"ன்னு கேட்டது அவரு காதுல விழுந்துச்சோ இல்லையோ, டொக். போனைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கொல்லையில நிக்கிறேன், காலைச் சுத்திக் கோழிக. பொரிச்சிரு. சொன்னவரு சாதாரண ஆளா, தமிழ் வாத்தியாரு. இந்த ஆசிரியர் காலனி முழுக்க அவருக்குத் தமிழய்யான்னுதான் பேரு, வைரவன்னு ஒரு பேரு இருக்குறது ரேஷன் கார்டுக்கும் எனக்கும்தான் தெரியும். ஒரு சொல்லை வாயில இருந்து விடுறதுக்கு முன்னாடி உரசி உரசிப் பாக்குற மனுசன். டிவியில செய்தி வாசிக்கிற பொண்ணு 'மளை'ன்னா இவரு இங்க நாற்காலியில இருந்துக்கிட்டு 'மழை'ம்பாரு, அவ திருத்திக்கிட்டாளான்னு பாத்துட்டுத்தான் அடுத்த செய்தி. கல்யாணமாகி வந்த அன்னைக்கு, புதுப்பொண்ணு, தட்டை நீட்டி 'வாளப்பளம்'னேன், மனுசன் பழத்தை வாங்கல, 'வாழைப்பழம், எங்க, சொல்லு'ங்கிறாரு. அப்பேர்ப்பட்டவரு சொல்லியிருக்காரு, பொரிச்சிருன்னு. முட்டையைச் சட்டியில எண்ணெய் விட்டு ஊத்துனாலும் பொரிக்கிறதுதான், கோழிக்கு அடியில வச்சாலும் பொரிக்கிறதுதான். இதுல அவரு எதைச் சொன்னாரு? எதைச் சொன்னாருன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். நல்லாவே தெரியும். ஆனா தெரியுமான்னு இப்ப என்னைய யாரு கேட்டா?

இந்தா, செவலைக் கோழி திரும்பவும் போயி உக்காந்துட்டா. தகரக் கொட்டகைக்குள்ள, விறகுக்குப் பக்கத்துல, அந்தக் கிழிஞ்ச கூடையில. அடைக்கு வந்துட்டா சனியன். கண்ணைப் பாரு, எங்கயோ பாத்துக்கிட்டு, பக்கத்துல போனா உடம்பை உப்பிக்கிட்டு 'கொர்ர்'ங்குறா, கையை நீட்டுனாக் கொத்துறா, நேத்துக் கொத்துன இடம் கட்டை விரல்ல இன்னும் கன்னிப்போயிக் கெடக்கு. கீழ முட்டை இருந்து இப்படி அதிகாரம் பண்ணாச் சரின்னு விடலாம், ஒண்ணும் இல்ல, வெறும் வைக்கோலு. நானும் அடையைத் தெளிய வைக்கப் பண்ணாத கூத்து இல்ல. வாளித் தண்ணியில முக்கி எடுத்தேன், ஒரு சிலுப்பு சிலுப்பிட்டு நேராக் கூடைக்குப் போனா. காலைக் கட்டிப் போட்டேன், கட்டுன இடத்துலயே உக்காந்துட்டா, அங்க உருண்டு கெடந்த சின்ன வெங்காயத்தை அடியில இழுத்து வச்சுக்கிட்டு. பக்கத்து வீட்டு ராஜாமணி அக்கா வந்து, மூக்குல ஒரு இறகைக் குத்தி விடு, தெளிஞ்சிரும்னாங்க. குத்தி விட்டேன். மூக்குத்தி போட்ட மகாராணியாட்டம் உக்காந்திருந்தா. கடைசியில கூடையையே எடுத்து ஒளிச்சேன், அவரோட செருப்பு மேல போயி உக்காந்துட்டா. சாயந்தரம் மனுசன் கடைக்குப் போகச் செருப்புல காலை விட்டவரு, "ஏய், என்னடி இது, செருப்புக்குக் காய்ச்சல் அடிக்குது"ன்னு சத்தம் போட்டாரு. கோவமாத்தான் கேட்டாரு. ஆனா கேட்டாரு. அது எனக்குப் போதும். எம்புட்டு வேணாலும் வையட்டும், வாயைத் திறந்து வையட்டும். அந்தச் சத்தம் போனதுக்கப்புறம்தான் கூடையைத் திரும்ப எடுத்துக் குடுத்தேன் அவளுக்கு.

இம்புட்டுக் கோழி எப்படிச் சேந்துச்சுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. நான் ஒண்ணும் திட்டம் போட்டுச் செய்யல. மக பவித்ரா கல்யாணமாகி ஓசூருக்குப் போன வருசம் சைக்கிள்ல கூடை கட்டி வித்துக்கிட்டு வந்தான், பச்சையும் ரோஸுமாச் சாயம் அடிச்ச குஞ்சு, பாக்க மிட்டாய் மாதிரி இருந்துச்சு, சும்மா ரெண்டு வாங்குனேன். ஒண்ணைக் காக்கா தூக்கிருச்சு. மிச்சம் இருந்தது தனியா நின்னு கத்துச்சு, பாவமேன்னு தொணைக்கு ஒண்ணு வாங்குனேன். தொணைக்கு வந்தது சேவலாப் போச்சு, ஒத்தக் கோழிய விரட்டி விரட்டிப் பிடுங்குதேன்னு இன்னும் ரெண்டு கோழி வாங்குனேன். அதுல ஒருத்தி அடைக்கு வந்தா, வச்சேன். அடுத்தவளும் வந்தா, ஒருத்திக்கு வச்சுட்டு இன்னொருத்திக்கு வைக்காம விட்டா அது என்ன நியாயம்? பின் தெரு டீச்சரு மாத்தலாகிப் போகையில, "தவமணியக்கா, இதுகள நான் எங்க கொண்டு போவேன்"னு கண்ணுல தண்ணி விட்டாங்க, கூடையோட வாங்கி வச்சுக்கிட்டேன். இந்தக் கழுத்துல முடியில்லாத கோழி இருக்கே, கழுத்தறுத்தான், இதை நான் வாங்கவும் இல்ல, யாரும் குடுக்கவும் இல்ல. ஒரு நாள் பொழுது சாயையில அதுவா மதில் ஏறி வந்து நம்ம கோழிகளோட படுத்துக்கிச்சு. வந்த விருந்தாளியப் போன்னா சொல்லுவாங்க? ஒவ்வொரு தடவையும் நான் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான், இதோட போதும். உண்மையாத்தான் சொல்லிக்குவேன். அந்தப் போதும் ஒரு ரெண்டு மாசத்துக்குத் தாங்கும். அப்புறம் எங்கயாச்சும் ஒரு சாம்பக்கலர்க் கோழியப் பாப்பேன், நம்மகிட்ட எல்லாக் கலரும் இருக்கு, சாம்பல் இல்லையேன்னு ஒரு நெனைப்பு வரும், சோறு இறங்காது. பவித்ரா போன்ல, "பேசாமக் கோழிப்பண்ணைன்னு போர்டு மாட்டிரும்மா"ங்குறா. கோழி, கோழி, பாரு, மனசுக்குள்ள ஒழுங்காத்தான் சொல்லுறேன், வாய்க்கு வரையில கோளியாகிருது.

அவரு முதல்ல ஒண்ணும் சொல்லல, அதையும் சொல்லணும்ல. சேவலுக்குத் தலைமையாசிரியர்னு பேரு வச்சதே அவருதான், காரணமே இல்லாம விடியக்காலம் எந்திரிச்சுக் கத்துறதுனாலயாம். காலையில பேப்பர் படிக்கையில யாரும் பாக்கலைன்னு நெனைச்சுக்கிட்டு ரஸ்க்கை நுணுக்கிக் கீழ விடுவாரு, நான் சன்னல் வழியாப் பாத்திருக்கேன், பாத்தேன்னு காட்டிக்கிட்டது இல்ல. விடைத்தாள் கட்டு மேல ஒண்ணு ஏறி எச்சம் போட்டப்பக்கூட, அந்தப் பையனுக்கு ரெண்டு மார்க் சேத்துப் போட்டுட்டு விட்டுட்டாரு. எல்லாம் அந்த ஆண்டு விழாவோட போச்சு. தமிழய்யாதான் வரவேற்புரை, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நானே கஞ்சி போட்டுத் தேச்சுக் குடுத்தேன். இந்தக் கழுத்தறுத்தான் முதல் நாள் ராத்திரி ஸ்கூட்டர் சீட்டுலயே படுத்திருக்கு. மனுசன் உரையை வாய்க்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே வந்து, குனிஞ்சு பாக்காம உக்காந்து போயிட்டாரு. மேடையில குத்துவிளக்கு ஏத்தத் திரும்பியிருக்காரு. பிள்ளைக, வாத்தியாருமாரு, வந்திருந்த பெரிய அதிகாரி, அத்தனை பேரும் வேட்டி பின்னாடி இருந்த எச்சத்தைப் பாத்தாச்சு. வீட்டுக்கு வந்தாரு. வையல, கத்தல. இந்தச் செவலையாட்டமே அடைக்கு உக்காந்துட்டாரு. சாப்பாடு வச்சாச் சாப்பிடுவாரு, போதும்னாக் கையை மறிப்பாரு, அவ்வளவுதான். டிவியில அந்தப் பொண்ணு மளை மளைன்னு கொட்டித் தீக்குறா, மனுசன் வாயைத் திறக்கல. நான் வேணும்னே பக்கத்துல போயி, "வாளப்பளம் உரிச்சுத் தரவா?"ன்னேன். "கிளங்கு வேக வைக்கவா?"ன்னேன். திருத்தல. அப்பத்தான் எனக்குப் பயம் வந்துச்சு. பேசாத மனுசனுக்கு வாக்கப்பட்டிருந்தாப் பழகியிருக்கும். இருபத்தஞ்சு வருசமா ஓயாமப் பேசுன மனுசன் பேசலைன்னா அந்த வீட்டுல பாத்திரம் விழுற சத்தம்கூடப் பெருசாக் கேக்குது. என்னால முடியல. ஒரு நாள் சாமி படத்துக்கு முன்னாடி சூடம் ஏத்தி, உள்ளங்கையால அணைச்சு, "இனி ஒரு கோளி வாங்க மாட்டேன், யாரு குடுத்தாலும் கை நீட்ட மாட்டேன், இது சத்தியம்"னேன். அவரு அந்தப் புகையவே பாத்துக்கிட்டு இருந்துட்டு, "கோழி"ன்னாரு. நான் பொங்கிப் பொங்கி அழுதேன். அந்த மாதிரி இன்னொரு தடவை ஆச்சுன்னா எனக்குத் தாங்காது, அம்புட்டுத்தான் சொல்லுவேன்.

அப்ப பேசாமச் சட்டியை அடுப்புல வைக்க வேண்டியதுதான, இங்க என்னத்துக்கு நிக்கிற தவமணி? நிக்கிறேன், ஏன்னா அந்த முட்டை நம்ம கோழி முட்டை இல்ல. போன வாரம் நத்தத்துல நாத்தனார் ஜெயக்கொடி வீட்டுல காதுகுத்து. அவரு பந்தியில உக்காந்திருந்தாரு, நான் பின்கட்டுக்குப் போனேன். அங்க மேயுது, கறுப்புன்னா மினுமினுன்னு அப்படி ஒரு கறுப்பு, தலையில வெள்ளை வெளேர்னு கொண்டை, பூவைப் பந்தா முடிஞ்சு வச்ச மாதிரி. எனக்குக் காதுகுத்து மறந்துபோச்சு. ஜெயக்கொடி என் மூஞ்சியப் பாத்துட்டு, "மதினி, கோழியக் குடுத்தா எங்கண்ணன் என்னைய உரிச்சிருவாரு, முட்டை வேணா கொண்டு போங்க, முட்டைக்கு என்ன, யாரும் கேக்க மாட்டாங்க"ன்னு தூக்குச்சட்டியில தவிட்டைப் பரப்பி அடுக்கிக் குடுத்தா. பஸ்ஸுல அதை மடியில வச்சுக்கிட்டு வந்தேன், பக்கத்துல அவரு, என்னது அதுன்னாரு, சீரணி மிட்டாய்னேன். கோழி வாங்க மாட்டேன்னுதான சத்தியம் பண்ணேன், முட்டை கோழியா? கொண்டை இருக்கா, காலு இருக்கா? யாரு குடுத்தாலும்னு சொன்னேன், அது கோழியத்தான். வாங்க மாட்டேன்னேன், பொரிக்க மாட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னேனா? சாமி கேட்டுக்கிட்டுத்தான இருந்துச்சு, சொல்லட்டும். இன்னொண்ணு, அவருக்குக் கொழுப்பு கூடிப் போச்சு, எண்ணெய்ப் பக்கமே போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, முட்டைன்னா எப்பவும் அவிச்சிரும்பாரு, இல்ல வேக வச்சிரும்பாரு. எண்ணெய் ஆகாத மனுசன் பொரின்னா அது எந்தப் பொரி? அதுவும் சிலேடைன்னு பாடம் நடத்துறப்ப, ஒரே சொல்லு ரெண்டு அர்த்தம்னு பிள்ளைகளுக்கு இதைத்தான் உதாரணம் சொல்லுறாரு, எனக்கே பத்துத் தடவை சொல்லியிருக்காரு. தெரிஞ்சவருதான சொல்லியிருக்காரு? ஏய், ஏமாத்தாத. நீ யாரை ஏமாத்துற? மனுசன் வந்து பாத்துட்டு மறுபடி வாயை மூடிக்கிட்டா என்ன செய்வ, எந்தச் சூடத்தை அணைப்ப, ஒரு தடவை அணைச்ச கைய சாமி திரும்ப நம்புமா? நம்பாது. சரி, பொரிச்சிருவோம், எண்ணெயிலயே. முடிஞ்சுச்சு. ஆனா அந்தக் கொண்டை. அட, அந்தக் கொண்டைய நெனைச்சா. முட்டை வந்து ஒரு வாரம் ஆச்சு, இன்னும் நாலு நாள் போனா வச்சாலும் பொரிக்காது, இவளும் தெளிஞ்சிருவா. இன்னைக்கு விட்டா விட்டதுதான். இவ இப்பவும் பாரு, என்னைய ஏறெடுத்துப் பாக்காம, அடியில ஒண்ணும் இல்லாம, எப்படி இருக்கா. வெறும் வைக்கோலுக்குக் காவல் காக்குறா. சிறுமலைப் பக்கம் மேகம் வேற கூடுது, கொடியில துணி கெடக்கு.

துணிய எடுத்து வைக்கத்தான் உள்ள போனேன், சத்தியமா. இல்ல, சத்தியம்ங்கிற வார்த்தை வேண்டாம். துணிய மடிச்சு வச்சேன். அரிசி டிரம்மைத் திறந்தேன், ராத்திரிக்கு அரிசி எடுக்கத்தான். முட்டை அரிசிக்குள்ள பாதி பொதைஞ்சு கெடக்கு, லேசா மங்கின வெள்ளை, எடுத்து உள்ளங்கையில வச்சா ஜில்லுன்னு இருக்கு. ஒவ்வொண்ணாக் காது பக்கத்துல வச்சு ஆட்டிப் பாத்தேன், ஒண்ணும் குலுங்கல, நல்ல முட்டை. கூமுட்டை ஒண்ணுகூட இல்ல. கூமுட்டை இல்லடி, கூழ்முட்டை, அவரு குரல் காதுக்குள்ள கேக்குது. எண்ணுனேன், பன்னண்டு. சே, ரெட்டைப்படை. அடைக்கு ரெட்டைப்படையில வைக்கக் கூடாது, ஒத்தைப்படையாத்தான் வைக்கணும், எங்க அம்மா, ஜெயக்கொடி, ராஜாமணி அக்கா எல்லாரும் அப்படித்தான் வைப்பாங்க, ஏன்னு யாரும் கேட்டதில்ல. அப்ப ஒண்ணு மிஞ்சும். ஒண்ணு மிஞ்சும்! ஆத்தாடி, எனக்கு ஏன் இது முன்னாடியே தோணல? அந்த ஒண்ணை எண்ணெயில பொரிச்சிரலாம், மிச்சத்தைச் செவலைகிட்டப் பொரிக்கச் சொல்லிரலாம். அவரு எந்த அர்த்தத்துல சொல்லியிருந்தாலும் ஆச்சு, புருசன் சொல்லைத் தட்டல நானு. எனக்கே சிரிப்பு வந்துருச்சு. முந்தானையில அள்ளிக்கிட்டுக் கொட்டகைக்குப் போனேன். கூடையில வைக்கோலைத் தட்டிச் சரி பண்ணேன், அதுக்குள்ள நாலு கொத்து, வாங்கிக்கிட்டேன். ஒவ்வொண்ணா அவ வயித்துக்கு அடியில தள்ளுனேன். முதல் முட்டை பட்டதும் கொத்துறதை நிறுத்திட்டா. அப்படியே அசையாம இருந்தா, கண்ணு ஒரு மாதிரி சொருகுச்சு, அலகால ஒவ்வொண்ணையும் உருட்டி உருட்டித் தனக்குள்ள வச்சுக்கிட்டா. ஓரத்துல ஒரு கரித்துண்டு வச்சேன், ஒரு காஞ்ச மிளகாய் வச்சேன். இடி இடிச்சா முட்டை கலங்கிரும், அதனால ஒரு இரும்புத் துண்டும் வைக்கணும். பழைய கதவுக் கீல் ஒண்ணு மதில் மேல இருந்துச்சே, எங்க அது? அதைத் தேடி எட்டிப் பாக்குறேன், கழுத்தறுத்தான் ஸ்கூட்டர் நிறுத்துற இடத்துல நின்னு என்னைய முறைச்சுக்கிட்டு இருக்கு, அதைப் பாத்ததும் ஆண்டு விழா ஞாபகம், அந்த வேட்டி ஞாபகம். சாக்கை எடுத்து, அவரு வந்து வண்டிய நிறுத்துனதும் சீட்டுல போடத் தோதாச் சுவத்துல மாட்டி வச்சேன். அப்படியே உள்ள போயி அடுப்பைப் பத்த வச்சேன், மிஞ்சுன முட்டையப் பொரிக்க.

ஒத்த முட்டை சட்டியில கெடந்து பொரியுது. மிளகுத்தூள் தூவுனேன், எண்ணெயக் கம்மியாத்தான் விட்டேன். தட்டுல வச்சேன். பெரிய தட்டுல வச்சா அனாதையாட்டம் தெரியுது, சின்னத் தட்டுக்கு மாத்துனேன், அப்பவும் அப்படித்தான் இருக்கு. வெங்காயத்தை அரிஞ்சு சுத்தி வச்சேன். இப்ப ஓட்டல்ல குடுக்குற மாதிரி இருக்கு, குத்தம் பண்ணவ செஞ்ச மாதிரியும் இருக்கு. எடுத்துரலாமா? இப்பப் போயி அவ அடியில கையை விட்டு எல்லாத்தையும் எடுத்துட்டு வந்துரலாம், இன்னும் ஒண்ணும் ஆகல, லேசாச் சூடு ஏறியிருக்கும், அவ்வளவுதான். எந்திரிச்சேன். உக்காந்தேன். வச்சதை எடுக்கக் கூடாது, அது பாவம். அப்ப சொன்னதை மீறுறது? அதுவும் பாவம். எந்தப் பாவத்துக்கு அவரு பேசுவாரு, எந்தப் பாவத்துக்குப் பேசாம இருப்பாரு, அதையும் பாக்கணும்ல. அவரு வர்றதுக்குள்ள சொல்ல வேண்டியதை ஒருக்காச் சொல்லிப் பாத்துக்கிறேன், என்னங்க, நீங்க சொன்னீங்கல்ல, அதான். வேண்டாம். என்னங்க, ஒரு விசயம். அதுவும் வேண்டாம், ஒரு விசயம்னாலே அவருக்குக் கோழின்னு தெரிஞ்சிரும். ஸ்கூட்டர் சத்தம். ஐயையோ, இம்புட்டுச் சீக்கிரமா, மழைக்குப் பயந்து வெள்ளென விட்டுட்டாங்க போல. வந்தாரு. சாவிய ஆணியில மாட்டுனாரு, காலைக் கழுவுனாரு, நாற்காலியில உக்காந்தாரு. "முட்டை பொரிச்சியா?" "பொரிச்சாச்சு." தட்டைக் கொண்டு போயி வச்சேன். அதைப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. "ஒண்ணுதான் இருக்கு. மிச்சம்?" "அதுவும் பொரிஞ்சிரும்." "எப்ப?" நான் முந்தானையத் திருகிக்கிட்டே, "மூணு வாரம் ஆகும்ங்க"ன்னேன்.

வாயைத் திறந்தாரு. எனக்கு உசிரு வந்துச்சு, வையப் போறாருன்னு. மூடிக்கிட்டாரு. தட்டை அந்தப் பக்கம் தள்ளி வச்சாரு. விடைத்தாள் கட்டை எடுத்து மடியில வச்சாரு, சிவப்புப் பேனாவத் திறந்தாரு, கட்டு தலைகீழா இருக்கு, அதைக்கூடத் திருப்பல. ஆரம்பிச்சிருச்சு. நான் மெல்ல, "நீங்கதான பொரிக்கச் சொன்னீங்க, நீங்க சொல்லுற சிலேடைதான"ன்னேன். பேனா நின்ன இடத்துலயே நிக்குது. "நத்தத்துக் கோளிங்க, உங்க தங்கச்சி குடுத்தது, தலையில கொண்டை இருக்கும்"னேன். கோளின்னேன். காதுல விழுந்துச்சு, தாடை அசைஞ்சுச்சு, ஆனா சொல்லல. "காப்பி வேணுமா? வாளப்பளம் இருக்கு." இல்ல. கிழங்குன்னு சரியாச் சொல்லிப் பாக்கலாமான்னு தோணுச்சு, அதுக்காச்சும் பாராட்டுவாரான்னு. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வருது. எதுக்குடி உனக்கு இந்தக் கொண்டை? எல்லாக் கோழியையும் பிடிச்சு யாருக்காச்சும் குடுத்துருவோம், தலைமையாசிரியர், கழுத்தறுத்தான், செவலை, எல்லாரும் போகட்டும், இந்த மனுசன் ஒரு வார்த்தை பேசட்டும், கூமுட்டைன்னு என்னையவே வையட்டும். எந்திரிச்சுப் போயிச் சொல்லிரலாம்னு காலை ஊனுறேன், வெளிய ஒரேயடியா இருட்டிருச்சு, தகரத்து மேல சடசடன்னு விழ ஆரம்பிச்சிருச்சு, சிறுமலையே உருண்டு வர்ற மாதிரி ஒரு இடி. சன்னல் கண்ணாடி அதிருது. அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு, கீல்! கதவுக் கீலை எடுக்கவே இல்ல, கரி வச்சேன், மிளகாய் வச்சேன், "ஐயோ, இரும்பு வைக்க மறந்துட்டேனே!"ன்னு வாய் விட்டுக் கத்திட்டேன்.

கத்துன பிறகுதான் நாக்கைக் கடிச்சேன், அவருக்கு இதெல்லாம் பிடிக்காது. இடிக்கும் முட்டைக்கும் என்னடி சம்பந்தம், இரும்பைப் பாத்தா இடி பயந்து ஓடிருமா, மூடத்தனம்னு எத்தனை தடவை சிரிச்சிருக்காரு. இன்னொரு இடி. நாற்காலியப் பின்னால தள்ளுற சத்தம். திரும்பிப் பாத்தா மனுசன் எந்திரிச்சு நிக்கிறாரு, விடைத்தாளெல்லாம் கீழ கெடக்கு. மேசையத் துழாவுனாரு, சன்னல் திட்டைத் துழாவுனாரு, ஆணியில இருந்து எதையோ பிடுங்கிக்கிட்டு, குடை இல்ல, செருப்பு இல்ல, அப்படியே கொல்லைக் கதவைத் திறந்துக்கிட்டு மழைக்குள்ள ஓடுறாரு. எல்லாத்தையும் தூக்கி வெளிய எறியப் போறாரா? இரைச்சலுக்குள்ள காதை வச்சுக் கேக்குறேன். செவலை 'கொர்ர்'ங்குறா. "ஆ!"ன்னு அவரு சத்தம். அப்புறம் ஒண்ணும் இல்ல, மழை மட்டும். வந்தாரு. தலையில இருந்து சொட்டுது, சட்டை உடம்போட ஒட்டிக்கிச்சு, கட்டை விரலை வாயில வச்சு உறிஞ்சிக்கிட்டு நிக்கிறாரு, எனக்குக் கொத்துன அதே விரலு. ஆணியப் பாத்தேன், வெறும் ஆணி. எனக்குப் புரியுறதுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. "ஏங்க, ஸ்கூட்டர் சாவியவா வச்சீங்க? அடையில இருக்குறவளைக் குஞ்சு பொரிக்கிற வரைக்கும் கலைக்கக் கூடாதுங்க, அது வரைக்கும் பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போவீங்க, இந்த மளையில?"

விரலை வாயில இருந்து எடுத்தாரு. மடிச்சு வச்ச துணியில இருந்து துண்டை உருவித் தலையைத் துவட்டுனாரு. "மழை"ன்னாரு. அப்புறம், "பஸ்ல போறேன்"னாரு. நான் வேணும்னே இன்னொரு தடவை மளைன்னேன்.